40 மில்லிகிராம் மக்னீசியம் போட்டேன், கணக்கில் 49.5 வருகிறது. எங்கே தப்பு?

கண்டனூர்ப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் லேபில் ஹைட்ரஜன் வாயுவைத் தண்ணீருக்கு மேல் சேகரிக்கும் சோதனை செய்தோம். மக்னீசியம் ரிப்பனில் ஒரு துண்டை நறுக்கி எடை போட்டேன், சரியாக 40 மி.கி. அதை நூலில் கட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் நிரப்பிய அளவுக் குழாய்க்குள் விட்டு, கட்டை விரலால் வாயை மூடித் தொட்டித் தண்ணீரில் கவிழ்த்தேன். புசுபுசுவென்று பொங்கி ஐந்து நிமிஷத்தில் ரிப்பன் மொத்தமும் காணாமல் போய்விட்டது. சேர்ந்த வாயு 45.6 மி.லி.

ஒரு மோல் மக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்று எடுத்து 45.6ஐ 22400 ஆல் வகுத்தேன், 0.002036 மோல் வந்தது. அதை மக்னீசியத்தின் அணு எடை 24.3 ஆல் பெருக்கினால் 49.5 மி.கி. மக்னீசியம்! போட்டதே 40 தான். குழாய்க்குள் போய் அது குட்டி போட்டதா?

கூட இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ரெக்கார்டில் 40.3, 39.8 என்று அவரவருக்குத் தோன்றியதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை, அதற்காக 49.5 என்று எழுதிக் கொடுக்கவும் வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நல்லியல்பு வாயுச் சமன்பாடு படித்திருக்கிறேன், பிவி = என்ஆர்டி (அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × ஆர் என்ற மாறிலி × கெல்வின் வெப்பநிலை) தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 22.4 என்று ஒரு எண் கையில் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன். யாராவது விளக்குங்கள்.

தேவகோட்டை பழைய வாத்தியார்

ரெக்கார்டில் பொய் எழுதாமல் வந்தாயே அம்மா, அதுவே பெரிய விஷயம். முப்பது வருஷம் இந்தச் சோதனையை நடத்தியவன் நான். பிள்ளைகள் எழுதி வந்த 40.0 எத்தனை என்று கணக்கே கிடையாது. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு அடைத்துக்கொள்ளும் இடம். காரைக்குடியில் எந்த மாசத்தில் 0 டிகிரி பார்த்தாய்? மார்கழி விடியற்காலையில்கூட இருபதைச் சுற்றித்தான் நிற்கும். நீ சோதனை செய்தது வெயில் காலத்தில். அன்றைக்கு லேபில் வெப்பநிலை என்ன, பார்த்தாயா?

36 என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 309. அந்த வெப்பத்தில் ஒரு மோல் 22.4 லிட்டரில் அடங்காது, 25.4 லிட்டர் கேட்கும். உன் 45.6 மி.லி.யை அதோடு வகுத்துப் பார், 43.7 மி.கி. வரும். ஒரே திருத்தத்தில் கிட்டத்தட்ட 6 மி.கி. இறங்கிவிட்டது.

அடுத்ததைத்தான் எல்லாரும் மறப்பார்கள். குழாய்க்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டும் இல்லை. தண்ணீருக்கு மேல் நிற்கிற எந்த வாயுவிலும் நீராவி கலந்திருக்கும், அதுவும் தன் பங்குக்கு அழுத்தம் கொடுக்கும். டால்டனின் பகுதி அழுத்த விதி அதுதான். 36 டிகிரியில் நீராவி அழுத்தம் 44.6 மி.மீ. பாதரசம். குளிர் நாட்டில் எழுதிய பாடப்புத்தகக் கணக்கில் 20 டிகிரி போட்டிருப்பான், அங்கே அது 17.5 தான், விட்டுவிட்டாலும் பெரிய குடி முழுகாது. நம் ஊர் வெயிலில் மொத்த அழுத்தத்தில் 6 சதவீதம் வெறும் நீராவி! 760இல் அதைக் கழித்தால் 715.4. அதை வைத்துக் கணக்கைப் போடு, 41.1க்கு வந்து நிற்கும்.

மிச்சம் 1.1 மி.கி. எங்கே போனது என்று கேட்பாய். நான் இங்கே 760 போட்டது தப்பு, அது கடல் மட்டத்துச் சராசரி. அன்றைக்கு லேபில் இருந்த அழுத்தம் வேண்டும். பாரோமீட்டர் பார்த்தாயா?

குன்றக்குடி டயர்கடை

தங்கச்சி, எனக்கு வேதியியல் தெரியாது, பிளஸ் டூவோடு சரி. ஆனால் இந்தச் சமன்பாட்டில் நான் தினமும் விழுந்து எழுகிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். காலையில் 28 டிகிரியில் காருக்கு 30 பவுண்டு காற்றுப் பிடித்து அனுப்புவேன். மதியம் திருச்சி போய்த் திரும்பி வந்து, "அண்ணே, 34 காட்டுது, நீங்க ஏத்தி விட்டுட்டீங்க" என்று சண்டைக்கு நிற்பார்கள். ஓடின டயருக்குள் 55 டிகிரி இருக்கும் என்று வைத்தாலும் கணக்கு சரியாக வருகிறது. ஒரே விஷயம், கேஜ் காட்டுகிற 30 முழு அழுத்தம் கிடையாது, வெளிக்காற்றுக்கு மேலே உள்ளது மட்டும்தான். அதோடு 14.7 சேர்த்து 44.7 என்று எடுத்து, 328 ஆல் பெருக்கி 301 ஆல் வகுத்து, திரும்ப 14.7ஐக் கழிக்க வேண்டும். 34 வரும். சேர்க்காமல் போட்டால் 32.7 தான் வரும்.

இதை என் தம்பி ஒருநாள் செல்சியஸிலேயே போட்டு 59 பவுண்டு என்று சொன்னான். அந்த டயர் பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

கண்டனூர்ப்பொண்ணு

ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன 36 சரிதான், சுவரில் மாட்டியிருந்த தெர்மோமீட்டரில் அன்றைக்கு அதுதான் இருந்தது, கரண்டும் இல்லை, ஃபேனும் இல்லை. பாரோமீட்டர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைத் தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது, உள்ளே பாதரசம் இருக்கிறதா என்பதே சந்தேகம். செல்போன் வானிலை ஆப்பில் பார்த்தேன், 1006 ஹெக்டோபாஸ்கல். அன்றைக்கும் அதேதான் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு கூத்து. உங்கள் பதிலைப் படித்துவிட்டு நானே முதலிலிருந்து பிவி = என்ஆர்டி போட்டேன். அழுத்தம் 0.941 வளிமண்டலம், கனஅளவு 0.0456 லிட்டர், ஆர் 8.314, வெப்பநிலை 309. விடை 0.41 மி.கி. வருகிறது. முதலில் குட்டி போட்டது, இப்போது மொத்தமும் ஆவியாகிவிட்டது. மூன்று தரம் போட்டுவிட்டேன், கால்குலேட்டரையும் மாற்றிப் பார்த்தேன்.

டயர்கடை அண்ணே, உங்கள் தம்பிக்கு நான் அக்கா முறை போல.

சிக்ரியில் ப்ராஜெக்ட் செய்தவன்

கால்குலேட்டர் மேல் பழி போடாதீர்கள். 8.314 என்பது ஜூல் கணக்கு. அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கனமீட்டரிலும் இருந்தால்தான் அது பொருந்தும். வளிமண்டலமும் லிட்டரும் போட்டால் ஆர் 0.0821. மி.மீ. பாதரசமும் லிட்டரும் என்றால் 62.4. மூன்றும் ஒரே மாறிலிதான், சட்டை மட்டும் வேறு. உங்கள் விடை 101 மடங்கு குறைந்திருக்கிறது பாருங்கள், ஒரு வளிமண்டலம் 101.3 கிலோபாஸ்கல் என்பதுதான் அந்த 101. விடை இப்படி நூறு மடங்கு தள்ளிப் போனால் நான் வேறெதையும் தேடுவதில்லை, நேராக ஆரைத்தான் பார்ப்பேன்.

என் வழி வேறு. கிலோபாஸ்கலும் லிட்டரும் போட்டால் 8.314ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆயிரத்தால் பெருக்குவதும் ஆயிரத்தால் வகுப்பதும் அடிபட்டுப் போகும். மாறிலியில் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு நான் பல வருஷமாக ஓட்டுகிறேன்.

அப்புறம் அந்த 1006. அதில் ஒரு பொறி இருக்கிறது. வானிலை ஆப்புகள் காட்டுவது பெரும்பாலும் கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம், ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக அப்படிச் செய்கிறார்கள். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். நம் ஊர்ச் சூட்டில் 9 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்று வைத்தால், லேபில் உண்மையில் 997தான் இருந்திருக்கும். மி.மீ.யில் 747.8. அதில் நீராவி 44.6ஐக் கழித்தால் 703.2. இப்போது போடுங்கள், 40.4 வரும்.

சொல்லப்போனால் இந்தக் கணக்கில் நானே மாட்டியிருக்கிறேன். சிக்ரி மின்வேதியியல் நிலையம் என்பது ஊருக்கே தெரியும், 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டு வந்தது. அங்கே நான் ப்ராஜெக்ட் செய்தபோது தண்ணீரை மின்னாற்பகுத்து வரும் ஹைட்ரஜனை அளப்பதுதான் வேலை. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.01866 மோல் ஹைட்ரஜன் வர வேண்டும், 22.4 ஆல் பார்த்தால் 418 மி.லி. எனக்கு 505 வந்தது. 121 சதவீதத் திறன்! ஒரு சாயங்காலம் முழுக்க ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பில் திரிந்தேன். மறுநாள் என் வழிகாட்டி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு "வெளியே என்ன வெயில் தம்பி" என்று மட்டும் கேட்டார். ஈர வாயுவாக, 36 டிகிரியில் கணக்குப் போட்டால் வர வேண்டியதே 511. என் திறன் 99 சதவீதம்தான்.

ஒரு கேள்வி. குழாய்க்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது? தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குச் சமமாகவா, அதற்கு மேலேயா?

பந்தி கேட்டரிங், காரைக்குடி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு இலை போட வேண்டும், நாலு பெரிய அடுப்பு ஒரே நேரத்தில் எரியும், முக்கால் மணி நேரத்தில் சிலிண்டர் வெளியே வேர்த்துக் கொட்டி அடியில் வெள்ளையாகப் பனி பிடித்து, அடுப்பு மங்கிவிடும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாதிக் கனம் இன்னும் இருக்கிறது. எங்கள் மாஸ்டர் அதைத் தண்ணீர் நிரப்பிய பெரிய அண்டாவில் இறக்கி வைப்பார், கொஞ்ச நேரத்தில் தீ பழையபடி எழும்பும். இதற்கும் நீங்கள் பேசுகிற பிவி = என்ஆர்டி தானா? அழுத்தத்தைப் பார்த்து மிச்சம் எத்தனை கிலோ என்று சொல்ல முடிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

தேவகோட்டை பழைய வாத்தியார்

முடியாது தம்பி. அந்தச் சமன்பாடு வாயுவுக்கு, உன் சிலிண்டரில் இருப்பதோ பெரும்பாலும் திரவம். கணக்கை வேண்டுமானால் போட்டுப் பார். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ, ஒரு மோலுக்கு 50 கிராம் என்று வைத்தால் 284 மோல். அவ்வளவும் வாயுவாக 33 லிட்டர்ப் பாத்திரத்துக்குள் இருந்தால் 200 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் வரும். அந்த மெல்லிய தகடு அதைத் தாங்குமா? உள்ளே உண்மையில் இருப்பது அதில் சின்னப் பங்கு. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும் வரை, உள்ளே அழுத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது வெப்பநிலை, எத்தனை கிலோ இருக்கிறது என்பது இல்லை. அதனால்தான் கேஜ் வைத்துப் பார்த்தாலும் மிச்சம் தெரியாது. தூக்கித்தான் பார்க்க வேண்டும், இல்லை தராசு.

பனி பிடிப்பதற்குக் காரணம், திரவம் ஆவியாகிற வேகத்தில் தன் சூட்டையே தின்றுகொள்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் விழும், தீ மங்கும். அண்டாத் தண்ணீர் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. உங்கள் மாஸ்டர் செய்வது விளங்கித்தான் செய்கிறார், ஆனால் அவசரத்தில் யாராவது கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலோ அடியில் தணல் தள்ளினாலோ அங்கே நிற்காதே.

இதே வாயுவைக் குழாய் வழியாக வெளியே எடுத்து ஒரு பலூனில் பிடித்தால் அப்புறம் நம் சமன்பாடு தாராளமாகப் பொருந்தும்.

கண்டனூர்ப்பொண்ணு

ப்ராஜெக்ட் அண்ணே, மாட்டிவிட்டீர்கள்! நோட்டில் ஓரமாகப் படம் போட்டு வைத்திருந்தேன், குழாய்க்குள் தண்ணீர் தொட்டி மட்டத்தைவிட 8 செ.மீ. உயரத்தில் நின்றது. அது எதற்காகும் என்று தெரியாமல்தான் வரைந்தேன்.

யோசித்துப் பார்த்தேன். அந்த 8 செ.மீ. தண்ணீரையும் உள்ளே இருக்கிற வாயுவையும் சேர்த்து வெளிக்காற்று தாங்குகிறது, அதனால் வாயுவின் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், 80 மி.மீ. ÷ 13.6 = 5.9 மி.மீ. அதையும் கழித்தால் 697.3. கிலோபாஸ்கலில் 92.97. அதை 0.0456 ஆல் பெருக்கி, 8.314 × 309 ஆல் வகுத்தால் 0.00165 மோல்.

40.1 மி.கி.!!!

அப்பத்தாவிடம் போய்க் காட்டினேன், "அதுக்கு ஏன்டி கத்துற" என்றார்கள். 49.5இல் தொடங்கி 43.7, 41.1, 40.4, 40.1. ரெக்கார்டில் நாலு படியையும் அப்படியே எழுதப் போகிறேன்.

சிக்ரியில் ப்ராஜெக்ட் செய்தவன்

அருமை. அடுத்த தரம் குழாயைத் தூக்கியோ தாழ்த்தியோ இரண்டு மட்டத்தையும் சமமாக்கிவிட்டு அளவெடுங்கள், அந்த 5.9 தலைவலியே இருக்காது. அப்புறம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஹைட்ரஜன் நல்லியல்பு வாயுவா, வான் டர் வால்ஸ் சமன்பாடு ஏன் போடவில்லை" என்று யாராவது கேட்டால் பயப்படாதீர்கள். அது நல்லியல்பிலிருந்து விலகுகிற வாயுக்களுக்கான திருத்தம். இந்த வெப்பத்தில் இந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் விலகுவது 0.1 சதவீதத்துக்கும் கீழே. நீராவியை மறந்தால் 6 சதவீதம். எதைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே தெரியும்.

இன்னொன்றும் கேட்பார்கள், 22.4ஆ 22.7ஆ என்று. 1982இல் ஐயுபிஏசி என்ற உலக வேதியியல் அமைப்பு திட்ட அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பார் ஆக மாற்றியது, அதனால் 22.7. உங்கள் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லிவிட்டு, அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை பழைய வாத்தியார்

சந்தோஷத்தில் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே அம்மா. 40.1 எனக்குக் கொஞ்சம் அழகாகப் படுகிறது. உன் தராசு ஒரு மி.கி. வரைக்கும்தான் காட்டும் என்றால், அதிலேயே 2.5 சதவீதம் ஆட்டம் இருக்கிறது. முக்கியமாக ஒன்று, அந்த 36 சுவரில் இருந்த தெர்மோமீட்டரில் பார்த்தது. வாயு இருந்தது சுவரிலா, தண்ணீரிலா? நாளைக்கு லேபுக்குப் போனால் அதே நேரத்தில் தொட்டித் தண்ணீரில் தெர்மோமீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்.

கண்டனூர்ப்பொண்ணு

ஐயா, பார்த்தேன். அதே பதினொரு மணி, அதே தொட்டி, சுவரில் 36, தண்ணீரில் 31.

31க்கு நீராவி அழுத்தம் 33.7, கெல்வின் 304. திரும்பப் போட்டால் 41.4 மி.கி. வருகிறது. 40.1 போய்விட்டது. நேற்று ராத்திரியே பேனாவில் எழுதியிருப்பேன், நல்லவேளை மை தீர்ந்துவிட்டது.

தேவகோட்டை பழைய வாத்தியார்

41.4தான் உண்மைக்குப் பக்கம். எங்கிருந்தோ ஒன்றரை மி.லி. கூடுதலாக வந்திருக்கிறது. ரிப்பன் மேல் ஆக்சைடு படிந்திருந்தால் வாயு குறையும், கூடாது, அதனால் அது இல்லை. குழாயைக் கவிழ்த்தபோது, ரிப்பன் கரையத் தொடங்கும் முன்னால், மேலே காற்றுக் குமிழி ஏதும் நின்றதா? நினைவிருக்கிறதா?

கண்டனூர்ப்பொண்ணு

இருந்தது ஐயா. புளியங்கொட்டை அளவுக்கு. விரலை எடுத்துத் திரும்ப வைத்தபோது உள்ளே போய்விட்டது, சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். அது எத்தனை மி.லி. இருக்கும் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை எங்கள் பேட்சுக்கு மறுபடி லேப் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன், இந்தத் தடவை விளிம்பு வழிய நிரப்பிக் கவிழ்க்கிறேன்.